பக்கம் மாறிய இரண்டு புத்தகங்கள்

தம்பி,

இதை ஆபீஸ் வண்டியில் போகும்போது படிக்காதே. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். இந்த வாரம் மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் "சொல்லுப்பா, மீட்டிங்ல இருக்கேன், எதனா அவசரமா?" என்றாய். அவசரமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்கு அவசரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவரில் இதோடு இன்னொரு தாளும் மடித்து வைத்திருக்கிறேன். அது ஒரு ஜெராக்ஸ். அதை இப்போது பிரிக்காதே, நான் சொல்லும் இடத்தில் பார். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை வேண்டும் என்கிற வாத்தியார் புத்தி இன்னும் போகவில்லை, பொறுத்துக்கொள்.

எனக்கு அசதியாக இருக்கிறது. வயது அறுபத்தாறு, முட்டி வலி, சர்க்கரை, அதெல்லாம் இருக்கட்டும். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் தீராத அசதி ஒன்று உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொள்ளலாம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலத்தை ஓட்டிவிட்டேன். போன பௌர்ணமிக்குப் பிறகு ஓட்ட முடியவில்லை.

போன பௌர்ணமிக்கு நித்யா வந்தாள். நீதான் சென்னையில் பஸ் ஏற்றிவிட்டாய். இரண்டாவது முறையும் கரு கலைந்து அவளுக்கு அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. வரச் சொன்னது உன் அம்மா. "பௌர்ணமி தவறாம மலை சுத்தும்மா. எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும்" என்று போனில் அவள் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். மாலை நான்கு மணிக்கு மூன்று பேரும் கிளம்பினோம். வெயில் தாழ்ந்தும் தார் ரோட்டில் சூடு இறங்கவில்லை. நித்யா வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள், செருப்பில்லை. அடி அண்ணாமலை வந்தபோது என் முட்டி ஒத்துழைக்கவில்லை. அவளும் நொண்டினாள். உன் அம்மா கோயிலுக்குள் போய் வரட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு இடத்தில் கொப்புளம். நான் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். அவள் காலை இழுத்துக்கொண்டு, "ஐயோ, நீங்க போய் ஊத்தறீங்களே மாமா" என்றாள். பிறகு ரோட்டில் போகிற கூட்டத்தைப் பார்த்தபடி, "அத்தை நாலு வருஷம் நடந்தாங்களாம் மாமா. எனக்கு எத்தினி வருஷம் ஆவும்னு தெரியல. எங்கிட்ட என்ன கொறைன்னும் தெரியல" என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். முப்பத்தொரு வருடம் விலங்கியல் நடத்தியவன். "டீ சாப்பிடறியாம்மா" என்று கேட்டேன்.

மறுநாள் அவளை அழைத்துப் போக நீ வந்தாய். சாப்பிட்டுக்கொண்டே உன் அம்மாவிடம் சொன்னாய்: "அவங்க வீட்லயே அப்டித்தாம்மா. கீழ்பென்னாத்தூர்ல அவங்க அக்காவுக்கும் லேட்டாதானே ஆச்சு." நித்யா அப்போது தண்ணீர்ச் சொம்போடு சமையலறை வாசலில் நின்றாள். நீ அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய், எதிரே இருந்த நான் அவள் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் இரண்டு பேரையும்தானே குரோமோசோம் டெஸ்ட் எடுக்கச் சொன்னார் என்று நான் மெதுவாகக் கேட்டேன். "அவளுக்கு எடுத்தாச்சுப்பா, நார்மல்னு வந்துருச்சு. எனக்கு எதுக்கு, நான் நல்லாத்தானே கீறேன்" என்று சொல்லி மோர் கேட்டாய். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்குத் தகுதியில்லை என்பதும் உடனே தெரிந்தது. ஏனென்றால் நானும் நல்லாத்தான் இருந்தேன், நானும் இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இனி கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். நீ கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போய்விட்டாய், என் பாடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டாய். ஒரு வருடம் எங்கள் பள்ளிக்கு வந்த புத்தகக் கட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. தாவரவியல் புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கங்கள் விலங்கியல் புத்தகத்தில் சேர்ந்திருந்தன. அந்த விலங்கியலின் கடைசிப் பக்கங்கள் தாவரவியலுக்குப் போயிருந்தன. அச்சகத்தில் கட்டும்போது மாறியிருக்கிறது. ஒரு மாணவிக்கு அந்த இரண்டு புத்தகமும் சேர்ந்தே போனதால் அவள் அரைப் பரீட்சை வரை புகார் சொல்லவே இல்லை. கேட்டபோது, "எல்லாப் பக்கமும் கீது சார், அங்கங்க மாறி கீது, அவ்ளோதான்" என்றாள். அவள் நல்ல மார்க் எடுத்தாள். அதில் எதுவும் குறையவில்லை.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் அப்படித்தான், இருபத்து மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றும் இரண்டு படி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உடம்பு வளரும்போது செல் இரண்டாகப் பிரிகிறது. பிரிவதற்கு முன்னால் எல்லாப் புத்தகத்தையும் அப்படியே நகல் எடுத்து, இரண்டு பக்கமும் சமமாகக் கொடுத்துவிடுகிறது. பக்கம் மாறிய புத்தகமாக இருந்தால் மாறியபடியே நகல் எடுக்கும். சரியா தப்பா என்று அது பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளைக்குக் கொடுப்பதற்காகப் பிரியும்போது மட்டும் கணக்கு வேறு. அப்போது இரண்டு படியில் ஒன்றுதான் போகும். மாறிய புத்தகம் இரண்டும் சேர்ந்து போனால் பிள்ளைக்கு எதுவும் குறையாது, அந்த மாணவிபோல. நல்ல புத்தகம் இரண்டும் போனாலும் குறையாது. நல்லது ஒன்றும் மாறியது ஒன்றும் போய்விட்டால், சில பக்கம் கூடுதல், சில பக்கம் இல்லவே இல்லை. அந்தக் கரு பெரும்பாலும் நிற்காது. அதைச் சுமக்கிறவள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நிற்காது. அவள் பப்பாளி சாப்பிட்டதாலோ, பஸ்ஸில் குலுங்கியதாலோ, மாடி ஏறியதாலோ நடப்பதில்லை அது.

இப்போது அந்தத் தாளைப் பிரித்துப் பார். படத்தில் குட்டிக் குட்டிக் கோடுகளாக ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கும். நான்காம் ஜோடியையும் பதினொன்றாம் ஜோடியையும் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள். மேலே இருக்கும் பெயர் என்னுடையது. பக்கம் மாறியவன் நான்.

நீ பிறப்பதற்கு முன்னால் உன் அம்மாவுக்கு மூன்று முறை கலைந்தது. மூன்றாவதற்குப் பிறகு நம் ஊர் டாக்டரம்மா எங்கள் இருவரையும் சென்னைக்கு அனுப்பி ரத்தம் கொடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். அவளுக்கு ஏன் அலைச்சல் என்றுதான் அப்போது சொன்னேன். கவரைக் கையில் கொடுத்ததும் படத்தைப் பார்த்தேன். டாக்டர் விளக்குவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது, வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறவனாயிற்றே. அங்கிருந்த டாக்டர் நல்ல மனுஷி. "இதுல யார் தப்பும் இல்ல சார். நல்ல குழந்தை பொறக்க வாய்ப்பு இருக்கு, பொறுமையா இருங்க. வீட்ல மேடம்கிட்ட தெளிவா சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். செஞ்சி தாண்டும்வரை தைரியமாகத்தான் இருந்தேன்.

வீட்டில் உன் பெரிய அத்தை வந்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் "என்னாடா, யாருக்கு என்னாவாம்?" என்று கேட்டாள். உன் அம்மா டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். நான் அக்காவைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல, நார்மல்னு சொல்லிட்டாங்க" என்றேன். அக்கா விடவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லன்னா, இவளுக்குத்தான் உடம்பு வீக்கு" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. கவரைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த 'வீக்கு' என்ற சொல் அதற்குப் பிறகு நம் உறவு முழுக்கப் போனது. ஊர் டாக்டரம்மா கேட்டபோதும் "நார்மல் மேடம்" என்றேன். ரிப்போர்ட்டைக் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வெட்கம், வேறென்ன. எனக்கும் அத்தைக்கும் நடுவில் ஒன்பது வருட இடைவெளி இருக்கிறது. அந்த ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டில் எத்தனை போயிற்று என்று யாரும் பேசியதில்லை. இந்தப் பக்க மாற்றம் எனக்கு எங்கள் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கலாம், என்னிடமே ஆரம்பித்தும் இருக்கலாம். வீக்கு என்று சொன்ன உன் அத்தைக்கே இருந்திருக்கலாம். எதுவும் தெரியாது. கேட்க இப்போது யாரும் இல்லை. ஆம்பளைக்கு ஒன்று என்றால் அதை வாயில் சொல்லாத வீடு அது. அறிவியல் படித்தவன் வேறு மாதிரி இருப்பான் என்றுதான் என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் குன்றல் பகுப்பு, அதாவது பிள்ளைக்குப் பாதிப் புத்தகம் போகும் அந்தப் பாடம் வந்தபோது, தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தாவரவியல் வாத்தியாரை எடுக்கச் சொல்லிவிட்டேன். அவர் நடத்தும்போது நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா இரண்டாவது கலைந்ததிலிருந்தே மலை சுற்ற ஆரம்பித்திருந்தாள். நான்கு வருடம், மாதம் தவறவில்லை. அப்போது பாதையில் இவ்வளவு விளக்கு கிடையாது, கூட்டமும் கம்மி. நான் கூடவே நடந்தேன், அதைச் செய்தேன். ஆனால் "சாமி, எங்கிட்ட என்னா கொறையோ நீதான் தீக்கணும்" என்று அவள் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் சொல்லும்போது பக்கத்தில் கைகூப்பி நின்றேன். நான்காவதும் போனது. பிறகு நீ வந்தாய். சாமி கொடுத்த பிள்ளை என்றார்கள். மலையை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் மாடியில் துணி காயப்போடப் போனால் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கொடியைத் தொடுவேன். நான் சொல்வது என் பொய்யைப் பற்றி. நீ பிறந்ததும் அந்தப் பொய் உறுதியாகிவிட்டது. தன்னிடம் குறை இருந்தது, நடந்து நடந்து அது தீர்ந்தது என்று உன் அம்மா நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது நித்யாவுக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் நல்ல மனதோடு கொடுத்தாள். நான் மாற்றிக் கட்டியதை அவள் அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தாள்.

உனக்கு எட்டு வயது இருக்கும். செய்முறைத் தேர்வுக்காக ஜன்னலில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் வைத்து, அதன் மேல் வெங்காயம் உட்கார வைத்து வேர் விடவைப்பேன். அம்மா சமையலுக்கு வெங்காயம் இல்லை என்று சத்தம் போடுவாள். ஒருநாள் உன்னைப் பள்ளிக்கு அழைத்துப் போய், வேர் நுனியை நறுக்கி, சாயம் போட்டு, நசுக்கி, நுண்ணோக்கியில் காட்டினேன். ஒரு செல்லில் சிவப்பு நூல்கள் நடுவில் வரிசை கட்டி நின்றன, பக்கத்துச் செல்லில் இரண்டு முனைக்கும் பிரிந்து போய்க்கொண்டிருந்தன. நீ வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "எது எந்தப் பக்கம் போவணும்னு யாருப்பா சொல்றது?" என்று கேட்டாய். "யாரும் சொல்றதில்லடா, அதுவா போவும்" என்றேன். நல்ல கேள்வி என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். உனக்கு எந்தப் புத்தகம் வந்ததோ என்று அன்றைக்கே நினைத்தேன், நினைத்துவிட்டு மறைத்தேன். உன் கல்யாணத்தின்போதும் நினைத்தேன். பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்று கவரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பெண் வீட்டார் வருகிறார்கள் என்றதும் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நித்யாவுக்கு முதல் முறை நடந்தபோதே காரணத்தைத் தேடியிருப்பீர்கள். அவள் பட்டதில் பாதியாவது குறைந்திருக்கும். இதற்கு நான் என்ன மன்னிப்புக் கேட்டாலும் பத்தாது, ஆனாலும் கேட்கிறேன்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கவரை முன்னால் வைத்து, படத்தைக் காட்டி, உனக்குச் சொன்ன அதே புத்தகக் கதையைச் சொன்னேன். அவள் கையை நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "இது எப்ப எடுத்தது?" என்றாள். மூன்றாவது போன பிறகு என்றேன்.

"அப்போ நாலாவது போச்சே, அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்க அக்கா பொண்ணு வளைகாப்புக்கு, நீ முன்னால நிக்காதன்னு என்ன உள்ள அனுப்பிச்சாங்களே. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

அவள் கீரைக் காம்புகளை ஒதுக்கி வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னது எனக்காகவும் இல்லை, அவளுக்காகவும் இல்லை. "பச்ச உடம்புக்காரிய, வெறுங்காலோட, நானே நடக்க வெச்சுட்டேனே" என்றாள். உடனே போனை எடுத்தாள் நித்யாவைக் கூப்பிட. நான் கையைப் பிடித்து, இதை அவன்தான் அவளிடம் சொல்ல வேண்டும், நான் அவனுக்கு எழுதுகிறேன் என்றேன். கையை உதறிக்கொண்டாள். "எழுதுங்க. அடுத்த பௌர்ணமி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அவன் வாயால சொல்லலன்னா நான் பஸ் ஏறிப் போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுவேன். இன்னொரு தபா அவ நடக்கக் கூடாது." அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. வேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை. பேசு என்று கேட்க எனக்கு வாயில்லை.

அதனால் தம்பி, நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில் நித்யாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடு, முழுசாகப் படிக்கட்டும், என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். பிறகு போய் ரத்தம் கொடு. உனக்கு நல்ல புத்தகம் வந்திருக்கலாம், அப்போது காரணம் வேறு, டாக்டர் தேடுவார். மாறியது வந்திருந்தாலும் குடி முழுகிவிடாது. பிள்ளையே பிறக்காது என்பதில்லை, நீயே பிறந்திருக்கிறாய். இப்போது எங்கள் காலத்தைவிட டாக்டர்களுக்கு ஜாஸ்தி தெரிகிறது, வழி சொல்வார்கள். வழி எதுவானாலும் அவள் உடம்பில்தான் நடக்கும் என்பதை மறக்காமல் அவளைக் கேட்டு முடிவெடு. அன்றைக்குச் சாப்பிடும்போது நீ சொன்னதற்கு, அதே சமையலறை வாசலில், உன் அம்மா கேட்கும்படி அவளிடம் மன்னிப்புக் கேள். நீ கெட்டவன் இல்லை. என்னைப் பார்த்து வளர்ந்தவன்.

ரத்தம் கொடுத்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது என்று போன் வரும். அன்றைக்கு லீவு போடு. நித்யாவுக்கு அலைச்சல், வெயில், பஸ்ஸில் கூட்டம், எந்தக் காரணமும் சொல்லாதே. அவளைக் கூட அழைத்துக்கொண்டு போ. கவரை அவள் கையில் கொடுக்கச் சொல், அவளே பிரிக்கட்டும். நான் தனியாகப் போய் வாங்கினேன்.

அப்பா